பிக்கப் வண்டிக்கு எவ்வளவு காற்று வைப்பது?

காற்று அடிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு வைக்கட்டும்?" என்பதுதான். கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். பிக்கப் வைத்திருப்பவர் அப்படிச் சொல்லக் கூடாது. அவர் முதலில் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இன்றைக்குப் பின்னால் என்ன ஏற்றப் போகிறேன்?

காரில் ஓட்டுநர் மட்டும் போவதற்கும், ஐந்து பேர் பெட்டிகளோடு போவதற்கும் வித்தியாசம் முந்நூறு, நானூறு கிலோ இருக்கலாம். அதுவும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து உட்காரும். பிக்கப் அப்படியில்லை. காலையில் லோடு பாடி காலியாக இருக்கும். மதியம் அதில் ஒரு டன் ஏறியிருக்கும். அந்த ஒரு டன்னில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் விழுகிறது. முன் டயர்கள் இரண்டுக்கும் லோடு வந்ததே சரியாகத் தெரியாது. வெறும் வண்டியில் எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கனம். லோடு ஏறினால் பின்பக்கம் கனம். ஒரே நாளில் எடை இப்படி இடம் மாறும் வண்டிக்கு நான்கு டயருக்கும் எப்போதும் ஒரே எண் என்பது பொருந்தாது.

சுமப்பது ரப்பர் அல்ல, காற்று

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டயரின் ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் கம்பியும் காற்றை அடைத்து வைக்கும் பை மாதிரி. எடையைத் தூக்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று போன டயர் அப்படியே நசுங்கி ரிம்மின் மேல் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அதனால் வண்டியைத் தாங்க முடியவில்லை.

35 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 35 பவுண்டு விசையோடு காற்று தள்ளுகிறது என்று பொருள். ஒரு டயரின் மேல் 450 கிலோ, அதாவது சுமார் ஆயிரம் பவுண்டு இருந்தால், அதைத் தாங்க ஏறக்குறைய 28 சதுர அங்குலம் தரையில் படிந்திருக்க வேண்டும். விரித்த உள்ளங்கை அளவு. வண்டி சாலையைத் தொடுவது இப்படிப்பட்ட நான்கு உள்ளங்கை இடத்தில் மட்டும்தான். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் இந்த இடத்தை நம்பித்தான்.

இப்போது அதே டயரின் மேல் இன்னும் 450 கிலோ வைக்கிறோம். லோடு ஏற்றினால் அழுத்தமும் கூடிவிடும், டயர் அதுவாகவே சமாளித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. லோடு ஏறும்போது டயருக்குள் இருக்கும் இடத்தின் அளவு மிகக் கொஞ்சமே குறைகிறது. அதனால் அழுத்தமும் மிகக் கொஞ்சமே ஏறும், மீட்டரில் பார்த்தால் கண்ணுக்கே படாது. அழுத்தம் ஏறாதபோது இரண்டு மடங்கு எடையைத் தாங்க ஒரே வழிதான் இருக்கிறது. தரையில் படியும் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். டயர் நசுங்கிப் படிகிறது, பக்கச்சுவர் பிதுங்குகிறது.

நின்ற இடத்தில் பிதுங்குவதால் பெரிய கெடுதல் இல்லை. ஓடும்போதுதான் ஆபத்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் சராசரி பிக்கப் டயர் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை சுற்றுகிறது. பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு ஒன்பது முறை மடங்கி நிமிர்கிறது. இரும்புக் கம்பியை உடைக்க அதை இப்படியும் அப்படியுமாக வளைப்போம் அல்லவா? வளையும் இடத்தைத் தொட்டால் சுடும். டயருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. மடங்குவது அதிகமானால் சூடு அதிகம். சூடு கூடக்கூட ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைக்கும் இடையே உள்ள ஒட்டு தளர்கிறது. சாலையோரங்களில் நீளமாக உரிந்து கிடக்கும் டயர் பட்டைகளில் பலவற்றின் கதை இதுதான்.

நான் இதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை லோடு பாடி நிறைய சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தினேன். காற்று முந்தின வாரம் வெறும் வண்டிக்கு வைத்ததுதான், லோடுக்காக ஏற்றவில்லை. முன் டயரின் பக்கச்சுவரில் கை வைத்தேன், லேசான காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. பின் டயரில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். அன்றைக்கு டயர் வெடிக்கவில்லை. ஆனால் மூட்டையை இறக்கும் வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல்தான் ஓட்டினேன்.

அப்படியானால் எப்போதும் கூடுதலாக வைத்துவிட்டால் தொல்லை விட்டதே என்று தோன்றும். அதுவும் சரியல்ல. லோடுக்கு வைத்த அழுத்தத்தோடு வெறும் வண்டியை ஓட்டினால் பின் டயர்கள் கல் மாதிரி இறுகிவிடும். தரையில் படியும் இடம் சுருங்கி, நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும். பிக்கப்பின் பின் பட்டை ஸ்பிரிங் லோடுக்காகச் செய்தது, அதனால் காலியாக இருக்கும்போது ஏற்கெனவே விறைப்பாகத்தான் இருக்கும். டயரும் விறைத்துக்கொண்டால் மழையில் நனைந்த வளைவில் பின்பக்கம் வழுக்கிப் போக அதிக நேரம் ஆகாது.

எந்த எண்ணை நம்புவது?

வண்டியில் இரண்டு இடங்களில் அழுத்தம் எழுதியிருக்கும். ஒன்று டயரின் பக்கச்சுவரில். இன்னொன்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு பொருந்தும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில். சில வண்டிகளில் அது கதவின் விளிம்பிலோ கையேட்டிலோ இருக்கும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. டயரில் பெரிதாக 80 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே அடித்துவிடுகிறார்கள். அந்த எண், டயர் தன் முழுத் திறனையும் காட்டிச் சுமக்கத் தேவையான அழுத்தம். அது உங்கள் வண்டிக்கான எண் அல்ல. டயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் மாட்டப்படும் என்று தெரியாது. கதவு ஸ்டிக்கரை எழுதியவருக்குத்தான் வண்டியின் எடை, அச்சின் தாங்குதிறன், அது திரும்பும் விதம் எல்லாம் தெரியும். தொடங்க வேண்டிய இடம் ஸ்டிக்கர்தான்.

ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். சிலவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண் இருக்கும். பல பிக்கப்களில் இரண்டு வரிசை இருக்கும்: குறைந்த லோடுக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. முழு லோடு வரிசையில் முன் டயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பின் டயர் மட்டும் ஏறியிருக்கும். கனரகப் பிக்கப்களில் முன் 60, பின் 80 என்பதுபோல ஒரேயடியாக வேறுபடுவதும் உண்டு. கேபிஏ அல்லது பார் கணக்கில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம்: 1 பார் என்பது 100 கேபிஏ, அது 14.5 பிஎஸ்ஐ. 240 கேபிஏ என்றால் ஏறக்குறைய 35 பிஎஸ்ஐ.

இந்த எண்ணில் சில பிஎஸ்ஐ என்ன செய்துவிடும் என்று அலட்சியப்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டிரெட், அதாவது சாலையைத் தொடும் மேல்பட்டை, உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததுதான் காரணம். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். ரேஞ்சர் என்ற பிக்கப்பின் அடித்தளத்திலிருந்து உருவான வண்டி அது. அதன் ஸ்டிக்கரில் ஃபோர்டு 26 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தது; 30 வைக்க வேண்டும் என்றது டயர் நிறுவனம். குற்றம் டயரின் மேலா வண்டியின் மேலா என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. ஆனால் வெயில், வேகம், லோடு, குறைந்த காற்று நான்கும் சேர்ந்தால் டயருக்கு என்ன ஆகும் என்பதை உலகம் அப்போது பார்த்தது. அதே ஆண்டு அங்கே வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான், காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு கட்டாயமானது.

அந்த விளக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கர் அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு அது எரிந்தால் போதும். 35 வைக்க வேண்டிய டயர் 26-க்கு இறங்கும் வரை விளக்கு சும்மா இருக்கலாம். லோடு வண்டிக்கு அது மிகவும் தாமதம். விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக் காற்று சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

காலையில், வண்டி எடுக்கும் முன்

ஸ்டிக்கரில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடி வந்த டயரில் காற்று விரிந்து, அழுத்தம் நான்கைந்து பிஎஸ்ஐ கூடியிருக்கும். அந்த நேரத்தில் மீட்டரில் 39 என்று பார்த்துவிட்டு, 35-தானே வேண்டும் என்று காற்றை இறக்கினால், டயர் ஆறியதும் 31-க்கு வந்து நிற்கும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. வழியில் ஒரு டயர் மட்டும் குறைவாகத் தெரிந்தால், அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரின் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலை ஆறிய பிறகு சரியாக வைத்துக்கொள்ளலாம்.

வானிலையும் இதில் விளையாடும். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். கடும் வெயிலில் 35 வைத்த டயர், அதைவிட 20 டிகிரி குளிர்ந்த காலையில் 32-ஐ ஒட்டி இருக்கும். ஓட்டை எதுவும் தேட வேண்டாம். வண்டியின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் நின்றாலும் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும். வெயில் ஏறுவதற்கு முன் பார்ப்பது நல்லது. இதெல்லாம் போக, பழுதே இல்லாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசிந்து குறையும்.

சொந்தமாக ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் இருப்பவை கீழே விழுந்து அடிபட்டவை, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று காட்டும். வால்வு மூடியைக் கழற்றி, மீட்டரை நேராக, சாய்க்காமல், ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். உஸ்ஸென்று ஒரு கணம் சத்தம் வந்து சட்டென நிற்க வேண்டும். சத்தம் தொடர்ந்து வந்தால் காற்று பக்கவாட்டில் போகிறது, காட்டும் எண் பொய். மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் நம்பலாம். மீட்டரை எடுத்தபின் வால்வின் வாயில் சோப்பு நுரை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் ஊதினால் உள்ளே இருக்கும் ஊசி கசிகிறது.

லோடு ஏறும்போது கணக்கு

ஸ்டிக்கரில் முழு லோடு வரிசை இருந்தால் வேலை சுலபம். லோடு ஏற்றும் அன்று காலையில் பின் டயரை அந்த எண்ணுக்கு ஏற்றுங்கள், வேலை முடிந்து வெறும் வண்டியாக ஓடப்போகும் நாளில் பழைய எண்ணுக்கு இறக்குங்கள். ஒரே ஓர் எண் மட்டும் போட்ட ஸ்டிக்கர், பெரும்பாலும் வண்டியின் முழுத் தாங்குதிறனையும் மனதில் வைத்து எழுதியது. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

டயரின் வகையை மாற்றியவர்களுக்குத்தான் கணக்கு போடும் வேலை வருகிறது. அசலாகக் கார் வகை டயரோடு வந்த பிக்கப்புக்கு, கல்லிலும் முள்ளிலும் ஓட்ட எல்டி என்று தொடங்கும் இலகு லாரி டயர் மாட்டுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பழைய 35-ஐயே அதிலும் வைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருப்பதால் அது குறைந்த காற்றிலும் நிறையத் தாங்கும் என்ற நம்பிக்கை. உண்மை நேர் எதிர். 265/70 ஆர் 17 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். இதே அளவில் பி வகை, அதாவது கார் வகை டயர் 35 பிஎஸ்ஐ-யில் 1,150 கிலோ தாங்கும். பிக்கப்பில் மாட்டும்போது பாதுகாப்புக்காக 1.1-ஆல் வகுத்து, சுமார் 1,045 கிலோ என்று கணக்கிட வேண்டும். எல்டி வகை அதே 1,045 கிலோவைத் தாங்க, ஏறக்குறைய 45 பிஎஸ்ஐ வேண்டும். தடித்த டயருக்கும் காற்றுதான் பலம். அது 35-ல் ஓடினால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அதே எல்டி டயர் 50 பிஎஸ்ஐ-யில் 1,120 கிலோவும், அதிக லோடுக்கான இ வகையாக இருந்தால் 80 பிஎஸ்ஐ-யில் 1,450 கிலோவும் தாங்கும். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று அறிய எடை மேடையைவிட நல்ல வழி இல்லை. வழக்கமான லோடோடு போய், முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஓர் எடை, பிறகு பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஓர் எடை எடுங்கள். பின் அச்சில் 2,600 கிலோ என்றால் ஒரு டயருக்கு 1,300. லோடு இடமும் வலமும் சமமாக உட்காராது என்பதால் சிறிது கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. 50-க்கும் 80-க்கும் நடுவே ஒவ்வொரு பிஎஸ்ஐ-க்கும் சுமார் 11 கிலோ என்று எடுத்தால் 66 அல்லது 67 வரும். நான் 70 வைப்பேன். டயர் நிறுவனங்கள் ஒவ்வொரு அளவுக்கும் அழுத்தத்தையும் எடையையும் பட்டியலாக வெளியிடுகின்றன, அது கையில் இருந்தால் இந்தத் தோராயமும் தேவையில்லை. மறக்கக் கூடாதது ஒன்று: காற்றை ஏற்றினால் டயரின் தாங்குதிறன்தான் கூடும். அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அப்படியேதான் இருக்கும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அச்சு எடைக்கு மேல் ஏற்றிவிட்டு, காற்றைக் கூட்டிச் சமாளிக்க முடியாது.

டிரெய்லர் இழுப்பவர்கள், பின்னால் வருவதற்குத் தனிச் சக்கரம் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. கொக்கி பின் அச்சைத் தாண்டி இருப்பதால், பின் அச்சில் ஏறுவது அதைவிடச் சற்று அதிகம். முன் அச்சு அதற்கேற்பத் தூக்கப்படும்.

கணக்கு சரியா என்று டயரையே கேட்கலாம். சாக்பீஸால் டிரெட்டின் குறுக்கே, விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரு தடித்த கோடு போடுங்கள். சமதளத்தில் சிறிது தூரம் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாக நின்றால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் மிஞ்சினால் குறைவு. ஒரே சீராக மங்கியிருந்தால் நன்று. வெறும் வண்டியில் ஒருமுறை, லோடோடு ஒருமுறை செய்து பாருங்கள். ஒரே டயர் இரண்டு விதமாகப் பதில் சொல்வதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாக்பீஸ் சொன்னது என்று ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். படிதல் சீராகத் தெரிந்தாலும் சூட்டை அது காட்டாது.

மணலில் ஓட்டும்போது மட்டும் விதி தலைகீழ். அங்கே 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, டயர் நீளமாகப் படிந்தால்தான் புதையாமல் போகும். மெதுவாக ஓட்ட வேண்டும், சட்டென வெட்டித் திருப்பக் கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றுவதற்குச் சிறிய பம்பு கையில் இல்லாமல் இறக்காதீர்கள்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவு சிறிது குறையும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பார்க்கும் வேலை அதனால் போகாது.

கடைசியாக ஸ்டெப்னி. பிக்கப்பில் அது பெரும்பாலும் லோடு பாடிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும்; சேறும் தூசியும் அப்பி, யாருடைய கண்ணிலும் படாது. பஞ்சர் ஆவது பெரும்பாலும் லோடு இருக்கும் நேரத்தில்தான், அப்போது அதைப் பின் அச்சில் மாட்ட வேண்டி வரலாம். அதனால் அதில் எப்போதும் முழு லோடு அழுத்தத்தையே வைத்திருங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் இறக்கிக்கொள்வது எளிது, நடுவழியில் ஏற்றுவதுதான் கடினம். வால்வு மேல்பக்கம் பார்த்துத் தொங்கினால் மீட்டர் எட்டாது. அப்படியிருந்தால் அடுத்தமுறை ஸ்டெப்னியை இறக்கும்போது, வால்வில் ஒரு நீட்டிப்புக் குழாய் பொருத்தி அதன் முனையைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிடுங்கள்.